பூவை எண்ணி மகசூல் சொல்வது: ஒரு வியூக வீடியோ கேமின் விற்பனையையும் வரவையும் மதிப்பிடும் முறை

ஏற்காட்டு மலையில் மார்ச், ஏப்ரல் மாதங்களில் கோடை மழை ஒன்று நன்றாகப் பெய்துவிட்டால், அடுத்த சில நாட்களில் காப்பிச் செடிகள் எல்லாம் ஒரே நேரத்தில் வெள்ளை வெளேரென்று பூத்துவிடும். அந்தப் பூ வெகுநாள் நிற்காது. ஆனால் அது வாடுவதற்குள் அனுபவமுள்ள ஒரு தோட்டக்காரர், சரிவுக்கு ஒன்றாகச் சில செடிகளைத் தேர்ந்துகொண்டு, கிளைக்கு எத்தனை கணுக்களில் பூ பிடித்திருக்கிறது என்று எண்ணிப் பார்த்து, வரும் தை மாதத்தில் எத்தனை மூட்டை தேறும் என்பதைச் சொல்லிவிடுவார். காப்பி வாரியமும் இதே வழியில்தான் பூப்புக்குப் பின் ஒரு மதிப்பீட்டையும், பருவமழைக்குப் பின் அதைத் திருத்தி மற்றொரு மதிப்பீட்டையும் வெளியிடுகிறது. கண்ணுக்குத் தெரிகிற ஒன்றை எண்ணி, தெரியாத ஒன்றைக் கணிக்கிற இந்தப் பழக்கம் நம் மலைக்குப் புதிதல்ல. அதே பழக்கத்தைக் கொண்டு, கணினியில் விளையாடும் ஒரு வீடியோ கேம் எத்தனை பிரதிகள் விற்றிருக்கும், அதைச் செய்தவர் கைக்கு எவ்வளவு பணம் போயிருக்கும் என்பதை எப்படி மதிப்பிடுவது என்று இக்கட்டுரை விளக்குகிறது.

சேலத்துப் பொறியியல் கல்லூரிகளில் படித்துவிட்டு, வேலைக்குப் போவதற்கு முன்போ பின்போ சொந்தமாக ஒரு வீடியோ கேம் செய்ய வேண்டும் என்று நினைக்கும் இளைஞர்களை நான் அடிக்கடி சந்திக்கிறேன். அவர்களுக்கு நிரல் எழுதத் தெரிகிறது, படம் வரையத் தெரிந்த நண்பரும் இருக்கிறார். மூன்று ஆண்டு உழைப்புக்கு என்ன கூலி கிடைக்கும் என்ற கேள்விக்கு மட்டும் அவர்களிடம் பதில் இருப்பதில்லை. பதிலாக இருப்பது பெரும்பாலும் உலகப் புகழ் பெற்ற ஒரு கேமின் பெயர். அந்தப் பெயரை வைத்து வீட்டாரிடம் கடன் கேட்பது, ஒரே ஒரு செடியின் பூவைக் காட்டித் தோட்டம் முழுவதற்கும் முன்பணம் கேட்பதற்குச் சமம்.

எடுத்துக்காட்டுக்காக ஒரு கேமைக் கற்பனை செய்துகொள்வோம். சேலம் ஃபேர்லேண்ட்ஸில் ஒரு மாடி அறையில் இரண்டு நண்பர்கள், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்துப் பாராமகாலுக்காக மைசூர்ப் படைக்கும் கிழக்கிந்தியக் கம்பெனிப் படைக்கும் நடந்த போரைப் பற்றி, அறுகோணக் கட்டங்கள் கொண்ட வரைபடத்தில் இருவரும் மாறி மாறிப் படை நகர்த்தி ஆடுகிற ஒரு வியூக விளையாட்டைச் செய்கிறார்கள். சங்ககிரிக் கோட்டையும் கிருஷ்ணகிரிக் கோட்டையும் கணவாய்களும் அதில் வருகின்றன. 1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் திப்பு சுல்தான் சேலத்தையும் பாராமகாலையும் விட்டுக்கொடுத்ததோடு ஆட்டம் முடிகிறது. இது எல்லோருக்குமான விளையாட்டு அல்ல. ஒரு சிறு வட்டத்தினர் மட்டுமே இதை விரும்புவார்கள், ஆனால் மிக ஆழமாக விரும்புவார்கள். குறுகிய வட்டத்துக்கான கேம் என்று நான் சொல்வது இதைத்தான். இத்தகையதற்கு விளம்பரக் கணக்கைவிட மதிப்பீட்டுக் கணக்குதான் முதலில் தேவை, ஏனென்றால் வாங்கக்கூடியவர்களின் தொகைக்கே ஓர் உச்ச வரம்பு இருக்கிறது.

இப்படிப்பட்ட கேம்கள் பெரும்பாலும் வால்வ் நிறுவனத்தின் ஸ்டீம் என்ற இணையக் கடையில்தான் விற்கின்றன. ஸ்டீம் ஒரு கேமின் விற்பனை எண்ணிக்கையை அதைச் செய்தவருக்கு மட்டுமே காட்டும், வெளியாருக்குக் காட்டாது. 2015ஆம் ஆண்டில் செர்கேய் கல்யோன்கின் என்பவர் ஸ்டீம் ஸ்பை என்ற தளத்தைத் தொடங்கினார். ஸ்டீம் பயனர்களில் சிலரை மாதிரியாக எடுத்து, அவர்களுடைய பக்கங்களில் வெளிப்படையாகத் தெரிந்த கேம் பட்டியலைப் பார்த்து, எந்தக் கேமை எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்று அது கணக்கிட்டது. தோட்டத்தில் சில செடிகளைத் தேர்ந்து பார்ப்பது போன்ற முறைதான். ஆனால் 2018 ஏப்ரலில் வால்வ் தன் தனியுரிமை அமைப்பை மாற்றி, கேம் பட்டியலைப் பயனரே விரும்பித் திறந்தால் ஒழியத் தெரியாதபடி மறைத்துவிட்டதால், அந்த வழி பெருமளவுக்கு அடைபட்டது.

மிஞ்சியிருப்பது விமர்சனங்களின் எண்ணிக்கை. ஸ்டீமில் ஒரு கேமை வைத்திருப்பவர் மட்டுமே அதற்கு விமர்சனம் எழுத முடியும், அந்த எண்ணிக்கையை யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். வாங்கியவர்களில் ஒரு சிறு பங்கினர்தான் எழுதுவார்கள் என்பதால், அந்தப் பங்கு எவ்வளவு என்று தெரிந்தால் பெருக்கிப் பார்த்து மொத்தத்தைச் சொல்லிவிடலாம். மைக் பாக்ஸ்லைட்டர் என்ற கேம் படைப்பாளர் இந்த வழியைச் சொன்னதால், பெருக்குகிற அந்த எண்ணுக்கு அவருடைய பெயரே நிலைத்துவிட்டது. நாம் அதைப் பெருக்கெண் என்று அழைப்போம். நம் நண்பர்களின் கேமோடு ஒப்பிடத்தக்க, ஏற்கெனவே வெளியான ஒரு கேமுக்கு 400 விமர்சனங்கள் இருந்து, பெருக்கெண் 35 என்றால், விற்ற பிரதிகள் 14,000.

கணக்கு இவ்வளவு எளிது. பெருக்கெண்ணைத் தேர்வதுதான் கடினம். 2018க்கு முந்தைய கேம்களுக்கு 50 முதல் 100 வரை பெருக்குவது வழக்கமாக இருந்தது. 2019இன் இறுதியில் ஸ்டீம், சிறிது நேரம் ஆடியவர்களிடம் இந்தக் கேமைப் பிறருக்குப் பரிந்துரைப்பீர்களா என்று தானே கேட்கத் தொடங்கியது. கேட்டதும் எழுதுவோர் பெருகினர், எழுதுவோர் பெருகியதால் பெருக்கெண் குறைந்தது. அதற்குப் பிந்தைய கேம்களுக்கு 20 முதல் 60 வரையிலான எண்களே பேசப்படுகின்றன, பலரும் 30ஐ ஒட்டியே நிற்கிறார்கள். ஆகவே 2014இல் வந்த கேமையும் 2023இல் வந்த கேமையும் ஒரே எண்ணால் பெருக்குவது, வயதான செடிக்கும் இளஞ்செடிக்கும் ஒரே காய்ப்பைச் சொல்வதைப் போன்ற தவறாகும்.

குறுகிய வட்டத்துக்கான வியூக விளையாட்டுகளில் இந்த எண்ணை இரு திசைகளிலும் இழுக்கும் காரணங்கள் இருக்கின்றன. ஒரு பக்கம், நூறு மணி நேரம், இருநூறு மணி நேரம் ஒரே கேமை ஆடுகிறவர்கள் அதைப் பற்றிப் பேச ஆசைப்படுவார்கள். படைகளுக்கு உணவு சேரும் விதி தவறு, பீரங்கியின் வலிமை மிகை என்று பத்தி பத்தியாக எழுதுவார்கள். அங்கே பெருக்கெண் தாழ்ந்து 20, 25 என்று நிற்கும். மறுபக்கம், போர் விளையாட்டுகளின் வாடிக்கையாளர்களில் வயது முதிர்ந்தவர்கள் கணிசமானவர்கள், அவர்கள் வாங்குவார்கள், ஆடுவார்கள், எதுவும் எழுத மாட்டார்கள். பெரும் தள்ளுபடியில் வாங்கிவிட்டுத் திறந்தே பார்க்காதவர்களும் எழுதுவதில்லை. ஆகையால் தள்ளுபடி விற்பனை கூடக்கூடப் பெருக்கெண் உயரும். நான் ஒரு கேமை ஆராயும்போது, முதலில் சில விமர்சனங்களைப் படித்து அவை நீளமா, குறுக்கமா, எழுதியவர்கள் எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறார்கள் என்று பார்த்த பிறகே எண்ணைத் தேர்கிறேன்.

எண்ணுவதிலும் கவனம் வேண்டும். விமர்சனப் பகுதியில் மொழி வடிகட்டி செயல்பட்டுக்கொண்டிருந்தால் ஆங்கில விமர்சனங்கள் மட்டும் தெரியும், சீன மொழியிலும் ரஷ்ய மொழியிலும் எழுதப்பட்டவை விடுபட்டுப் போகும். எனவே எல்லா மொழிகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஸ்டீமில் நேரடியாக வாங்கியவர்களின் விமர்சனங்களும், வேறிடத்தில் பெற்ற குறியீட்டை உள்ளிட்டுச் சேர்த்தவர்களின் விமர்சனங்களும் தனித்தனியே பிரித்துக் காட்டப்படுகின்றன. 2016 முதல் இரண்டாம் வகை, கேமின் மதிப்பெண்ணில் சேர்க்கப்படுவதில்லை. ஸ்டீம் வருமானத்தைக் கணிக்க முதல் வகையை மட்டும் எண்ணுவதே முறை. போர் விளையாட்டுகளை வெளியிடும் சில நிறுவனங்கள் தங்கள் சொந்த இணையக் கடையிலும் விற்கின்றன, அந்த விற்பனை இந்த எண்ணிக்கைக்குள் வராது. அதைத் தனியே குறித்துவைக்க வேண்டும், ஊகத்தால் நிரப்பக் கூடாது.

இனிப் பணத்துக்கு வருவோம். புதிதாகக் கணக்குப் போடுகிறவர்கள் மிகுதியாகத் தவறுவது இங்கேதான்.

ஏற்காட்டில் ஆறு கிலோ காப்பிப் பழத்தைப் பறித்து, தோலுரித்து, உலர்த்தி, உமி நீக்கினால் கையில் நிற்பது ஏறத்தாழ ஒரு கிலோ கொட்டைதான். பழத்தின் எடையைக் கொட்டையின் விலையால் பெருக்கும் தோட்டக்காரர் எவரும் இல்லை. ஆனால் 14,000 பிரதிகள், விலை 20 டாலர், ஆகவே வருமானம் 2,80,000 டாலர் என்று எழுதிவிடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த 2,80,000 எப்படித் தேய்கிறது என்பதை ஒவ்வொரு படியாகப் பார்க்கலாம். கீழே வரும் விழுக்காடுகளில் சில விதிகள், சில நான் எடுத்துக்கொண்ட அனுமானங்கள். எது எது என்பதையும் சொல்லிக்கொண்டே போகிறேன்.

முதலாவது, எல்லோரும் 20 டாலர் கொடுப்பதில்லை. இந்தியா உள்ளிட்ட பல நாடுகளில் ஸ்டீம் விலை அமெரிக்க விலையைவிடக் குறைவாக வைக்கப்படுகிறது, அதோடு கோடைத் தள்ளுபடி, குளிர்காலத் தள்ளுபடி என்று ஆண்டில் பல முறை விலை இறங்குகிறது. வெளியாகி ஓராண்டு கடந்த ஒரு கேமுக்கு, சராசரி விலை அறிவித்த விலையில் 60 விழுக்காடு, அதாவது 12 டாலர் என்பது என் அனுமானம். 14,000 பிரதிகளுக்கு 1,68,000 டாலர். இரண்டாவது, திருப்பிக்கொடுத்தல். 2015 முதல் ஸ்டீமில், வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பப் பெறலாம். வியூக விளையாட்டில் விதிகளைக் கற்றுக்கொள்ளவே இரண்டு மணி நேரம் ஆகிவிடும் என்பதால், தொடக்கப் பயிற்சி குழப்பமாக இருந்தால் வாங்கியவர் ஆட்டத்தின் சுவையை அறிவதற்கு முன்பே திருப்பிக் கொடுத்துவிடுவார். பத்து விழுக்காடு என்று வைத்தால் மிஞ்சுவது 1,51,200. மூன்றாவது, விற்பனை வரி. ஐரோப்பிய நாடுகளில் வாங்குபவர் பார்க்கும் விலைக்குள்ளேயே வரி அடங்கியிருக்கிறது, ஜெர்மனியில் அது 19 விழுக்காடு, பிரிட்டனில் 20. இந்தியாவில் 18 விழுக்காடு ஜிஎஸ்டி. அமெரிக்காவில் வரி விலைக்கு மேல் தனியாகச் சேர்கிறது. எல்லா நாடுகளுக்கும் சராசரியாக 8 விழுக்காடு கழித்தால் ஏறத்தாழ 1,39,100 நிற்கும்.

நான்காவது, ஸ்டீமின் பங்கு 30 விழுக்காடு. ஒரு கோடி டாலரைத் தாண்டும் விற்பனைக்கு 25, ஐந்து கோடியைத் தாண்டினால் 20 என்று 2018 இறுதியில் ஒரு சலுகை அறிவிக்கப்பட்டது, நம் கணக்கில் அது எட்டாத உயரம். 30 கழித்தால் 97,400 டாலர். ஐந்தாவது, அமெரிக்காவில் விற்ற பகுதிக்கு அங்கேயே பிடித்தம் செய்யப்படும் வருமான வரி. உரிய படிவத்தை நிரப்பி, இந்திய அமெரிக்க வரி ஒப்பந்தத்தின் சலுகையைக் கோரினால் 15 விழுக்காடு, கோராவிட்டால் 30. அமெரிக்க விற்பனை மொத்தத்தில் 40 விழுக்காடு என்று கொண்டால், ஒப்பந்தச் சலுகையோடு கைக்கு வருவது சுமார் 91,500 டாலர். ஒரு படிவத்தை நிரப்பாமல் விட்டதால் இந்தப் பிடித்தம் இரட்டிப்பாவதை அனுமதிக்காதீர்கள். இப்படிப் பிடிக்கப்பட்ட வரியை நம் நாட்டு வருமான வரியில் ஈடு செய்யவும் வழியுண்டு, அதற்கு நல்ல கணக்காயர் ஒருவரைத் தொடக்கத்திலேயே பார்ப்பது நல்லது.

2,80,000 என்று தொடங்கியது 91,500 ஆகிவிட்டது. ஒரு பிரதிக்கு ஏறத்தாழ ஆறரை டாலர், அதாவது அறிவித்த விலையில் மூன்றில் ஒரு பங்கு. அவசரக் கணக்குக்கு இந்த மூன்றில் ஒரு பங்கை மனத்தில் வைத்துக்கொண்டாலே போதும். இடையில், கேமை வெளியிட்டு விற்றுத்தரும் ஒரு பதிப்பாளர் இருந்தால் இதிலும் பாதி அவருக்குப் போகக்கூடும்.

கூட்ட வேண்டியதும் ஒன்று இருக்கிறது. வியூக விளையாட்டுகளுக்குப் புதிய போர்க்களங்களும் புதிய படைகளும் கொண்ட துணைத் தொகுப்புகள் தொடர்ந்து வெளிவரும். டிஎல்சி என்று அழைக்கப்படும் இவற்றின் விற்பனை மூலக் கேமின் விமர்சன எண்ணிக்கையில் தெரியாது. மூலக் கேமை வாங்கிய 14,000 பேரில் நான்கில் ஒருவர், சராசரியாக 5 டாலருக்கு ஒரு தொகுப்பை வாங்கினால் 17,500 டாலர், அதாவது 1,68,000இல் பத்தில் ஒரு பங்கு. அடுத்தடுத்த தொகுப்புகளுக்கும் அதே வட்டத்தினர் திரும்பி வருவார்கள். இந்த வகைக் கேம்கள் வெளியாகிப் பல ஆண்டுகள் ஆன பின்னும் விற்றுக்கொண்டிருப்பதற்கும், அவற்றைச் செய்தவர்கள் பிழைத்திருப்பதற்கும் இந்த விசுவாசம் ஒரு பெரிய காரணம் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

துணைத் தொகுப்பைத் தனியே வைத்துவிட்டு, இவ்வளவு கழித்த பிறகும் 91,500 என்று ஒற்றை எண்ணாகச் சொல்வது சரியாகாது. பெருக்கெண் 25ஆக இருக்கலாம், 50ஆகவும் இருக்கலாம். சராசரி விலை 10 டாலராகவும் இருக்கலாம், 14ஆகவும் இருக்கலாம். இரண்டிலும் தாழ்ந்ததை எடுத்தால் 10,000 பிரதிகளும் சுமார் 54,500 டாலரும் வரும், இரண்டிலும் உயர்ந்ததை எடுத்தால் 20,000 பிரதிகளும் சுமார் 1,52,500 டாலரும் வரும். தாழ்ந்ததற்கும் உயர்ந்ததற்கும் இடையே ஏறத்தாழ மூன்று மடங்கு இடைவெளி. டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 46 லட்சத்துக்கும் ஒரு கோடியே 30 லட்சத்துக்கும் இடையில் எங்கோ ஓரிடம். தாழ்ந்த எல்லையில், பதிப்பாளருக்குப் பாதி போய், மிஞ்சிய 23 லட்சத்தை இரண்டு நண்பர்களின் மூன்று ஆண்டு உழைப்புக்குப் பங்கிட்டால், ஆளுக்கு ஆண்டுக்கு நான்கு லட்சத்துக்கும் குறைவு. சேலத்தில் வாடகையும் சாப்பாடும் தாங்கக்கூடிய தொகைதான் அது, ஆனால் ஓவியருக்கும் இசைக்கும் கொடுக்க வேண்டியது இன்னும் கழிக்கப்படவில்லை.

ஒப்பிட எந்தக் கேமைத் தேர்வது என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது. 2024ஆம் ஆண்டில் மட்டும் ஸ்டீமில் 18,000க்கும் மேற்பட்ட கேம்கள் வெளியாயின. நம் நினைவுக்கு வருகிற கேம் எதுவாக இருந்தாலும், நினைவுக்கு வந்துவிட்டது என்ற காரணத்தாலேயே அது சராசரிக்கு மேற்பட்டது. ஆகவே அதே வகையில், அதே விலை அளவில், கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வந்த கேம்களைத் தேடிப் பதினைந்து, இருபதையாவது எடுத்து, விமர்சன எண்ணிக்கை வரிசையில் அடுக்கி, நடுவில் நிற்பதைப் பார்க்க வேண்டும். மதிப்பெண்ணே கிடைக்காமல் பத்து விமர்சனங்களுக்குக் கீழ் நின்றுவிட்ட கேம்களையும் அந்த வரிசையில் விடாமல் சேர்க்க வேண்டும். அவற்றைச் சேர்க்க மனம் வருவதில்லை என்பதை நான் அறிவேன், அவையும் யாரோ இருவரின் மூன்று ஆண்டு உழைப்புதான்.

நம் பாராமகால் கேம் இன்னும் வெளியாகவில்லை, அதற்கு விமர்சனமே இல்லை. இந்த நிலையில் எண்ணக்கூடிய பூ, ஸ்டீம் பக்கத்தைப் பின்தொடர்வோரின் எண்ணிக்கை. வெளியாகும்போது வாங்கலாம் என்று விருப்பப் பட்டியலில் சேர்த்தவர்களின் தொகை செய்தவருக்கு மட்டுமே தெரியும், ஆனால் பின்தொடர்வோர் எண்ணிக்கை வெளியாருக்கும் தெரியும். விருப்பப் பட்டியல் பெரும்பாலும் அதைப் போல் பத்து மடங்கை ஒட்டியிருக்கும் என்பதால், போட்டிக் கேமின் நிலையையும் ஓரளவு கணிக்கலாம். நம் நண்பர்களுக்கு 600 பேர் பின்தொடர்வோரும், 6,000 பேர் விருப்பப் பட்டியலிலும் இருப்பதாகக் கொள்வோம். பத்தில் ஒருவர் முதல் ஐந்தில் ஒருவர் வரை முதல் வாரத்தில் வாங்குவார்கள் என்றால் 600 முதல் 1,200 பிரதிகள். முதல் ஆண்டு விற்பனை, முதல் வாரத்தைப் போல் மூன்று முதல் ஐந்து மடங்கு என்று அனுமானித்தால் 1,800 முதல் 6,000 பிரதிகள். பிரதிக்கு ஆறரை டாலர் வீதம் 11,700 முதல் 39,000 டாலர் வரை.

ஒப்பீட்டுக் கேமின் நடுக் கணக்கு 14,000 பிரதிகள் என்றது, சொந்த விருப்பப் பட்டியலின் கணக்கு அதிகமாகப் போனால் 6,000 என்கிறது. இரண்டும் முரண்படும்போது நான் பின்னதையே நம்புவேன், ஏனென்றால் அது இந்தக் கேமுக்கே பூத்த பூ. அப்படியானால் வெளியீட்டைச் சில மாதங்கள் தள்ளிவைத்து, ஆட்டத்தின் ஒரு பகுதியை இலவச மாதிரியாகக் கொடுத்து, விருப்பப் பட்டியலை வளர்க்கலாமா, அல்லது மூன்றாம் ஆண்டுச் செலவைக் குறைத்து, கோட்டைகள் சிலவற்றைத் துணைத் தொகுப்புக்கு ஒதுக்கிவிட்டு இப்போதே வெளியிடலாமா என்ற கேள்வியை அந்த மாடி அறையில் எண்களோடு பேச முடியும். எதை முடிவு செய்தாலும், வெளியான ஏழாம் நாள் இரவு உண்மையான விற்பனையையும், விமர்சன எண்ணிக்கையையும், திருப்பிக்கொடுத்தவர் விழுக்காட்டையும் பழைய அனுமானங்களுக்கு எதிரே எழுதி, தங்கள் கேமின் பெருக்கெண் எவ்வளவு என்று அவர்கள் கண்டுகொள்ளலாம். அந்த எண்ணைக் கொண்டு, பருவமழைக்குப் பின் காப்பி மகசூலைத் திருத்துவதைப் போல, ஆண்டு முழுவதற்குமான மதிப்பீட்டை அன்றே திருத்தி எழுதலாம்.